மீன் ஆய ஃபில்லட் கத்தி வாங்குவது எப்படி: டர்பன் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்து ஷாட் மீன் கரையை ஒட்டி வர ஆரம்பித்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஆள் நடமாட்டம் கூடிவிடும். குழாயடியில் பெரிய மேசை இருக்கிறது, தண்ணீர் தாராளம். அதனால் தெருவில் மீன் பிடித்து வருகிறவர்கள் இங்கேயே ஆய்ந்து எடுத்துப் போவார்கள். பல வருடமாக நானும் கூடவே நின்று ஆய்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அந்த மேசையில்தான் பார்க்கிறேன்.

ஃபில்லட், அதாவது முள்ளை விட்டுச் சதையை மட்டும் பட்டையாக எடுப்பதில், வருகிற புகார் ஏறக்குறைய ஒன்றேதான். “அண்ணே, நல்ல விலை குடுத்து வாங்கின கத்தி. ஆனா பாதி சதை முள்ளோடயே போயிடுது.” கத்தியை வாங்கிப் பார்த்தால் அதில் பெரிய குறை இருக்காது. அந்த மீனுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். பிராண்டை முதலில் முடிவு செய்கிறார்கள். அப்புறம் எஃகைப் பற்றி விசாரிக்கிறார்கள். எந்த மீனை வெட்டப் போகிறோம் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. கீழே உள்ள வரிசை மீனில் தொடங்கி எஃகுக்குப் போகும். ஒரு படியின் விடை தெரிந்தால்தான் அடுத்த படிக்கு விடை கிடைக்கும், அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள்.

முன்கூட்டியே வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு தாள், பென்சில், அளவுகோல், சமையலறையில் இப்போது மீன் வெட்டுகிற கத்தி. கத்தியின் விலையில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்காகத் தனியே எடுத்து வையுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் வரும்.

1. வீட்டுக்கு வருகிற மீனைக் கணக்கெடுங்கள்

கடந்த மூன்று மாதத்தில் முழு மீனாக வீட்டுக்கு வந்தவற்றை எழுதுங்கள். பெயர், குத்துமதிப்பான நீளம், எத்தனை தடவை. பிடிக்க ஆசைப்படுகிற மீனை எழுத வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை படகில் போய் டூனா பிடிக்கிறவர், டூனாவை நினைத்துக் கத்தி வாங்கினால் மீதி நாளெல்லாம் ஷாடோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

டர்பன் பக்கம் இந்தப் பட்டியலில் ஷாட்தான் முதலில் வரும். அடுத்து கொப். இங்கே பழைய ஆட்கள் அதை சால்மன் என்பார்கள், ஆனால் அது நம் கத்தாழை மீனின் குடும்பம். அப்புறம் கூட்டா. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் கூட்டா என்றால் என்னவோ என்று நினைக்கிறார்கள். வஞ்சிரம், நெய்மீன் என்று நாம் சொல்கிற அதே மீன்தான். ஜூன், ஜூலையில் சார்டின். கடையில் வாங்குகிறவர்களுக்கு ஹேக், மாஸ்பேங்கர்.

சட்டப்படி ஷாடுக்குக் குறைந்தபட்ச நீளம் 30 செ.மீ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மீன்தான். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது. இதை வைத்தே நமக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுவிடலாம். முழங்கை நீள மீன், ஒரு தடவைக்கு நாலு. நாள் முழுக்க நின்று வெட்டுகிற மீன்கடைக்காரருக்கு வேண்டிய கத்தி நமக்கு வேண்டியதில்லை.

பட்டியலிலிருந்து சார்டினை இப்போதே அடித்துவிடுங்கள். புது சார்டினுக்குத் தலையைக் கிள்ளி, கட்டைவிரலை வயிற்றுக்குள் விட்டு வால்வரை ஓட்டினால் நடுமுள் தானாகக் கழன்று வரும். அதற்கு ஃபில்லட் கத்தி தேவையில்லை.

2. கறித்துண்டா, ஃபில்லட்டா என்று பிரியுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு மீனுக்கும் எதிரே அது எப்படிச் சட்டிக்குப் போகிறது என்று எழுதுங்கள். புளியும் பூண்டும் கறிவேப்பிலையும் போட்டு வைக்கிற மீன் கறிக்கு நம் வீடுகளில் முள்ளோடுதான் துண்டு போடுவோம். முள்ளிலும் தலையிலும்தான் ருசி இருக்கிறது. கூட்டா பெரும்பாலும் வட்டத் துண்டாகவே போகும். ஃபில்லட் எடுப்பது வறுவலுக்கு, பிராய் அடுப்பின் தணலுக்கு மேல் கம்பியில் சுட, முள் எடுக்கத் தெரியாத குழந்தைகளுக்கு, பல் இல்லாத ஆயாவுக்கு.

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கத்தி உதவாது. ஃபில்லட் கத்தியின் அலகு மெல்லியது, முள்ளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகவே செய்தது. அதை வைத்து நடுமுள்ளைக் குறுக்கே வெட்டினால் வாய், அதாவது வெட்டுகிற கூரான ஓரம், மடங்கும் அல்லது உதிரும். புதியவர்கள் செய்கிற பிழைகளில் கத்தியை அதிகம் கெடுப்பது இதுதான். எங்கள் மேசைக்கு வருகிற கத்திகளை வெயிலில் பிடித்து வாயை நேராகப் பார்ப்பேன். பிடியை ஒட்டிய பகுதியில் சின்னச் சின்னப் பிறை மாதிரி வெளிச்சம் மின்னும். தலை வெட்டின இடம் அது. கூராக இருக்கிற வாயில் வெளிச்சம் தங்காது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும்.

ஆகவே தலை வெட்டவும் கறித்துண்டு போடவும் வீட்டில் இருக்கிற கனமான வெட்டுக்கத்தியை வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அரிவாள்மனை கொண்டுவந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது. பட்டியலில் ஃபில்லட் என்று எழுதின மீன்கள் மூன்று மாதத்தில் நாலைந்து கூட இல்லை என்றால் இந்தக் கத்தியை வாங்கவே வேண்டாம். வெட்டுக்கத்தியைச் சாணை பிடித்துக்கொள்வதே போதும்.

3. நீளத்தை மீனின் அகலத்திலிருந்து எடுங்கள்

நீள மீனுக்கு நீளக் கத்தி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கத்தி மீனைக் குறுக்கே கடந்து போகிறது, அதனால் பார்க்க வேண்டியது மீனின் அகலம். முதுகிலிருந்து வயிறுவரை அளந்து, அதோடு குறைந்தது 5 செ.மீ. கூட்டுங்கள். நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கவும், பிடிப்பக்கம் கத்தியை முன்னும் பின்னும் இழுக்கவும் அந்த இடம் வேண்டும். அலகு குட்டையாக இருந்தால் ஒரே இழுப்பில் வர வேண்டிய வெட்டை மூன்று நாலு தடவை அறுக்க வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் சதையில் ஒரு படி விழும்.

ஷாட், சின்ன கொப், ஹேக் எல்லாவற்றுக்கும் 15 முதல் 18 செ.மீ. அலகு போதும். கடைகளில் 6 அங்குலம், 7 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு என் சிபாரிசு 18 செ.மீ. பெரிய கொப், டொராடோ அடிக்கடி வருகிற வீட்டுக்கு 20 முதல் 23 செ.மீ.

23 செ.மீ. கத்தியை முதல் கத்தியாக வாங்காதீர்கள். நான் வாங்கியது அதுதான். கையிலிருந்து நுனி அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது அது எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியாது. 35 செ.மீ. ஷாடில் நுனி வயிற்றுக்குள் புகுந்து பித்தப்பையைக் கிழித்துவிட்டது. சதை முழுக்கக் கசந்து, ஒரு நல்ல மீன் வீணானது.

4. வளைவைப் பாருங்கள்

கத்தி வாங்குவதில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது, அதிகம் ஏமாறுகிற இடமும் இதுதான். ஃபில்லட் கத்தி என்றால் நன்றாக வளைய வேண்டும் என்று கேள்விப்பட்டு, இருப்பதிலேயே அதிகம் வளைவதைத் தேடி வாங்கிவிடுகிறார்கள்.

வளைவு எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மீனின் விலா முள் தட்டையாக இருப்பதில்லை, கூடை மாதிரி வளைந்திருக்கிறது. அலகு அந்த வளைவின் மேல் படிந்து ஓடினால் சதை முழுசாக வரும். விறைப்பான அலகு ஒன்று முள்ளை அறுத்துக்கொண்டு போகும், அல்லது அதன் மேலே தாண்டிப் போய் சதையை விட்டுவிடும். இதுவரை வளைவு நல்லதுதான்.

ஆனால் மீன் பெரிதாகப் பெரிதாக முள் தடிக்கிறது, தோல் தடிக்கிறது. கொப்பின் விலா முள்ளைத் தாண்டி வரக் கை கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டும். துவளும் அலகில் அந்த அழுத்தம் வாய்க்குப் போய்ச் சேராது, அலகு வளைவதிலேயே கரைந்துவிடும். நுனி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கையில் வெட்டு விழுகிற நேரமும் அதுதான்.

எனவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாத, மெல்லிய முள் உள்ள மீனுக்கு நன்றாக வளைகிற அலகு. ஷாடுக்கும் நடுத்தரக் கொப்புக்கும் நடுத்தர வளைவு. டூனா, பெரிய கொப், பெரிய கூட்டாவுக்கு விறைப்பான அலகு. கேப் பக்கத்திலிருந்து முழு ஸ்னூக் வாங்கி முதுகைப் பிளந்து விரிக்கிறவர்களுக்கும் விறைப்பானதே சரி.

நடுத்தரம் என்பதை இப்படிச் சோதியுங்கள். ஒரு மரத்துண்டின் மேல் கத்தியின் நுனியை வைத்து மெல்ல அழுத்துங்கள். 18 செ.மீ. அலகு 2 முதல் 3 செ.மீ. வளைந்தால் நடுத்தரம். எங்கே வளைகிறது என்பதையும் கவனியுங்கள். பிடியை ஒட்டிய பாதி விறைப்பாக நிற்க வேண்டும், நுனிப்பக்கப் பாதிதான் வளைய வேண்டும். முதுகுத் தடிமன் பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போக ஒரே சீராகக் குறைகிற கத்தியில்தான் இது நடக்கும். அலகு முழுவதும் ஒரே வில்லாக வளைந்தால், தடிமன் குறையாத தகட்டை வெட்டிச் செய்த கத்தி அது. கையை விட்டதும் அலகு நூல் பிடித்த மாதிரி நேராகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

5. எஃகு

இதில் நேரம் செலவழிக்கிறவர்கள் அதிகம். வீட்டுக் கத்திக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, துருப்பிடிக்காத எஃகாகவே வாங்குங்கள். டர்பனின் ஈரக்காற்றும் உப்பும் சாதாரணக் கார்பன் எஃகை ஒரே இரவில் புள்ளி புள்ளியாக்கிவிடும்.

இரண்டாவது, மிகக் கடினமான எஃகு வேண்டாம். கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். ஃபில்லட் கத்திக்கு 54 முதல் 58 வரை பொருத்தம். 60-ஐத் தாண்டின கத்தி நெடுநாள் கூராக இருக்கும்தான், ஆனால் வளைந்து முள்ளில் உரசும்போது வாய் பொடிப்பொடியாக உதிரும், வீட்டுக் கல்லில் தீட்டவும் நேரம் பிடிக்கும். கொஞ்சம் மிருதுவான எஃகு சீக்கிரம் மழுங்கும், ஐந்து நிமிடத்தில் கூரும் ஏறிவிடும். நாலு ஷாட் ஆய்கிறவருக்கு இந்த இரண்டாவதுதான் லாபம். பெட்டியில் 1.4116 என்ற ஜெர்மன் எஃகு எண்ணோ, 12சி27 என்ற ஸ்வீடன் எஃகுப் பெயரோ இருந்தால் நம்பி வாங்கலாம். எதுவும் எழுதாமல் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் எனக்குத் தயக்கம்தான்.

6. பிடி வழுக்கக் கூடாது

மீன் ஆயும்போது கையில் தண்ணீர், ரத்தம், சளி, கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். கடையில் காய்ந்த கையில் அழகாக உட்காருகிற பிடி, பத்து நிமிடத்தில் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். நுனி ஒரு முள்ளில் இடித்து நிற்கும்போது கை மட்டும் முன்னால் ஓடும். முன்னால் இருப்பது கத்தி வாய்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அப்படித்தான் நடந்தது. பளபளவென்று வார்னிஷ் அடித்த மரப்பிடி, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரலைத் தடுக்க ஒன்றும் இல்லை. கொப்பின் தோள் முள்ளில் நுனி நின்றது, ஆள்காட்டி விரல் அலகின் மேல் ஏறிவிட்டது. நாலு தையல். அந்த விரலை முழுசாக மடக்க அவனுக்கு இரண்டு மாதமானது. அதிலிருந்து பிடியைத்தான் நான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன், மற்றவர்களையும் பார்க்கச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியவை: மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறதா, ஆள்காட்டி விரல் வந்து நிற்கிற இடத்தில் ஒரு மேடு கீழே இறங்கியிருக்கிறதா, பிடியின் பின்முனை கொஞ்சம் பருத்து, கை பின்னால் நழுவாமல் நிறுத்துகிறதா. ரப்பர் மாதிரி மிருதுவான பிளாஸ்டிக், அல்லது சொரசொரப்பான கெட்டி பிளாஸ்டிக் இரண்டும் நல்லது. உணவகச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிற வெள்ளைப் பிடிக் கத்திகள் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவர்களுக்காகச் செய்தவை அவை. தூண்டில் கடையில் விற்கிற வண்ண வண்ணக் கத்திகளைப் பார்க்கும் முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

அலகும் பிடியும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடுக்கு இருந்தால் மீன் நீர் அதில் போய்த் தங்கும், வாரத்தில் நாற்றம் வரும், உள்ளே துரு பிடிக்கும்.

7. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

இந்தக் கத்தியைப் படம் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வளைவும் பிடியும் படத்தில் தெரியாது. கடைக்குப் போகும்போது ஒரு சின்ன மரத்துண்டும் ஈரத்துணியும் கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் மறுப்பதில்லை.

கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டுக் கத்தியைப் பிடியுங்கள். மீனில் வைத்திருப்பது போலப் படுக்கையாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், காய்கறி நறுக்குவது போலப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிடியின் பின்னாலிருந்து நுனிவரை முதுகைப் பாருங்கள். துப்பாக்கி குறி பார்ப்பது போல. கோணல் இருந்தால் உடனே தெரியும்.

மரத்துண்டின் மேல் அலகைப் படுக்க வைத்துப் பாருங்கள். தோல் உரிக்கும்போது அலகு பலகையோடு ஒட்டிப் போக வேண்டும். பிடி ரொம்பப் பருமனாக இருந்தால் அது பலகையில் இடித்து அலகைத் தூக்கிவிடும்.

இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வாய் இரண்டு பக்கமும் சரிந்திருக்கிறதா? ஜப்பானிய மீன் கத்திகள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் சரிவு இருக்கும், அதுவும் வலதுகைக்காரருக்கு ஏற்றபடி. இடதுகையில் அது முள்ளை விட்டு விலகி விலகி ஓடும்.

ரம்பப் பல் வைத்த அலகை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். சதையைப் பிய்க்கும், வீட்டில் தீட்டவும் முடியாது.

8. அதே நாளில் சாணைக்கல்லும் வாங்குங்கள்

கல் இல்லாமல் கத்தி வாங்குவது, ஒரு மாதத்துக்கு மட்டும் கத்தி வாங்குகிற மாதிரி. மழுங்கின கத்தியில் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் நுனி தடம் மாறும், சதை நசுங்கும். ‘கத்தி சரியில்லை’ என்று சொல்லி இரண்டாவது கத்தி வாங்கினவர்களில் பலருக்கு ஒரு கல்லே போதுமாக இருந்திருக்கும்.

1000 எண் கல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). இரண்டு பக்கமும் உள்ளது கிடைத்தால் 1000, 3000 என்று எடுங்கள். இரண்டு சக்கரத்துக்கு நடுவில் கத்தியை இழுக்கிற தீட்டான் வேண்டாம். இந்த மெல்லிய அலகுக்கு அது எஃகை அதிகமாகச் சுரண்டும், கோணமும் அதன் கோணம்தான்.

கோணம் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி போல இருந்தால் நல்லது. டிகிரியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். 2 செ.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்திருந்தால் கோணம் ஏறக்குறைய 15 டிகிரி. ஒரு பென்சிலின் பருமனைவிடக் கொஞ்சம் குறைவு. பென்சிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே தீட்டினால் கைக்குப் பழகிவிடும்.

கல்லை நனைத்து, ஒரு பக்கமாகவே பிடியிலிருந்து நுனிவரை தீட்டுங்கள். மறுபக்க வாயில் விரல் நுனியைக் குறுக்காக, மெல்ல ஒத்திப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். வாய் முழுக்க அந்தப் பிசிறு வந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். பிசிறு வராமல் மாற்றி மாற்றித் தீட்டுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. நுனிப்பக்கம் அலகு துவளும், அங்கே இடதுகை விரல் இரண்டை அலகின் மேல் வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் அழுத்தமே இல்லாமல் இரண்டு பக்கமும் நாலைந்து தடவை மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு போய்விடும்.

புதுக்கத்தியும் பெட்டியிலிருந்து வரும்போது முழுக் கூரோடு வருவதில்லை. முதல் மீனுக்கு முன்பே ஒரு தடவை தீட்டுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைக் கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் சத்தமில்லாமல் இறங்கினால் தயார்.

9. முதல் மீனில் கத்தியைச் சோதியுங்கள்

ஷாட் பிடித்தவுடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து ஐஸில் போட்டிருக்க வேண்டும். அதன் சதை மிருது, சீக்கிரம் கெடும். குழைந்துபோன மீனில் எந்தக் கத்தியும் சுத்தமாக வெட்டாது, பழி கத்தியின் மேல் விழும். நீளம் அளக்க முடியாதபடி கடற்கரையிலேயே துண்டு போட வேண்டாம், முழு மீனாக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஷாட் கிடைக்காத மாதங்களில் மாஸ்பேங்கர் வாங்கிப் பழகலாம். பக்கவாட்டில் ஓடுகிற கெட்டிச் செதில் வரிசையை மட்டும் முதலில் சீவி எடுத்துவிடுங்கள்.

தோலை உரிக்கப் போகிறீர்கள் என்றால் செதில் எடுக்க வேண்டாம். தோலோடு வறுப்பதாக இருந்தால் கரண்டியாலோ செதில் சுரண்டியாலோ எடுங்கள். ஃபில்லட் கத்தியால் செதில் சுரண்டினால் இப்போது ஏற்றின கூர் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. மீனைத் துணியால் நன்றாகத் துடைத்து ஈரம் போக்குங்கள். மீனைப் பிடிக்கிற கையில் வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஷாடின் பல்லுக்கும் அது பாதுகாப்பு.

செவுளுக்கும் பக்கத் துடுப்புக்கும் பின்னால் சாய்வாக, நடுமுள் தட்டும்வரை வெட்டுங்கள். அங்கே நிறுத்துங்கள். மீனின் முதுகை உங்கள் பக்கம் திருப்பி, முதுகுத் துடுப்பை ஒட்டி மேலாகத் தலையிலிருந்து வால்வரை ஒரு நீளக் கோடு போடுங்கள், ஆழம் அரை விரல் போதும். அதே கோட்டில் திரும்பவும் நுனியை விட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே. இடதுகையால் சதையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் வெட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியும். வாய் எப்போதும் முள்ளின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும்.

நடுமுள்ளைத் தாண்டி விலா முள்ளுக்கு வரும்போது காதைக் கொடுங்கள். அலகு ஒவ்வொரு முள்ளாக ஏறி இறங்குகிற சத்தம் கேட்கும், சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம். அது கேட்கிறவரை கத்தி சரியான தடத்தில் போகிறது. சத்தம் நின்றுவிட்டால் அலகு சதைக்குள் ஏறிவிட்டது. ‘கரக்’ என்று ஒற்றைச் சத்தம் வந்தால் முள்ளை அறுத்துவிட்டீர்கள்.

தோல் உரிக்க, வால் முனையில் சதைக்கும் தோலுக்கும் நடுவில் அலகை விட்டு, பலகையோடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தள்ள வேண்டாம். கத்தி ஒரே இடத்தில் நிற்க, தோலை இடம் வலமாக ஆட்டி ஆட்டி இழுங்கள். தோலடியில் நடுவில் ஓடுகிற கருஞ்சிவப்புச் சதைக்கு வாடை அதிகம், வேண்டாதவர்கள் சீவிவிடலாம். தலைப்பக்கத்திலிருந்து பாதிதூரம்வரை நடுவில் ஒரு வரிசைச் சின்ன முள் நிற்கும். விரலால் தடவிப் பார்த்து, அதன் இரண்டு பக்கமும் வெட்டி நீளப் பட்டையாக எடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் எடுத்தபின் மிச்சமிருக்கிற முள்கூட்டைச் செய்தித்தாளின் மேல் விரியுங்கள். முள்ளுக்கு நடுவில் எழுத்து மங்கலாகவாவது தெரிந்தால் கத்தியும் கையும் ஒத்துப்போகின்றன. நடுமுள்ளின் ஓரமாக நீளத்துக்குச் சதை நின்றால் வாயை முள்பக்கம் சாய்க்கவில்லை. விலா முள்ளின் மேல் மட்டும் சதை நின்றால் அலகு விறைப்பு அதிகம். ஃபில்லட்டின் அடிப்பக்கம் அலை அலையாக இருந்தால் கூர் போதவில்லை, அல்லது குட்டை இழுப்பு. கூரும் கையும் சரியாக இருந்தும் நுனி தடம் மாறி மாறிப் போயிருந்தால் அலகு அந்த மீனுக்கு அதிகம் துவள்கிறது. மூன்று நாலு மீனுக்கு ஒரே குறை தொடர்ந்தால்தான் கத்தியை மாற்ற யோசிக்க வேண்டும். ஒரே மீனில் முடிவு கட்டாதீர்கள்.

முள்கூட்டையும் தலையையும் எறிய வேண்டாம். செவுளை எடுத்துவிட்டுக் கறிச்சட்டியில் போடுங்கள்.

10. கழுவி வைப்பது

வேலை முடிந்த கையோடு சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றில் விடுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடக் கூடாது. நாற்றம் போக வேண்டும் என்று பிளீச்சில் ஊற வைக்கவும் கூடாது. துருப்பிடிக்காத எஃகையும் பிளீச் குழி குழியாக அரிக்கும்.

உறையும் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கத்தியைத் தோல் உறையில் போட்டு பக்கெட்டுக்குள் மறந்துவிடுவதுதான் டர்பனில் கத்தி துருப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம். தோல் உறை கத்தியைக் கடற்கரைக்குக் கொண்டுபோக மட்டும். வீட்டில் அலகைச் செய்தித்தாளில் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இழுப்பறையில் வையுங்கள். அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை இருந்தால் அதிலேயே வைக்கலாம், உள்ளே தண்ணீர் நிற்காது.

மேசையில் இரண்டு மூன்று பேர் ஆயும்போது கத்தியைக் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். பலகையில் வைத்துவிடுங்கள், கேட்டவர் எடுத்துக்கொள்வார்.

செப்டம்பர் கடைசியோடு ஷாட் வேலை முடிந்துவிடும், அப்புறம் கத்தி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உள்ளே வைக்கும் முன் அலகில் சமையலறைக்கு உகந்த மினரல் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். மே மாதக் கடைசியில் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வாயைப் பார்த்து, கல்லில் ஒரு தடவை ஏற்றி வைத்துவிட்டால் முதல் ஷாடுக்குக் கத்தி தயாராக இருக்கும்.